வலிக்காத முன்பல், உள்ளுக்குள் கரையும் வேர்

கேள்வி (கோவில்பட்டியிலிருந்து 22 வயது வாசகர்; பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம்):

பதினோராம் வகுப்பில் ஹாக்கி ஆடும்போது எதிரணிப் பையனின் மட்டை என் மேல் முன்பல்லில் பட்டது. ஈறில் ரத்தம் வந்தது, பல் ஆடியது. இரண்டு வாரம் கஞ்சியும் இட்லியுமாக ஓட்டினேன். பல் தானாகவே இறுகிவிட்டது. டாக்டரிடம் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் என் தங்கைதான் அந்தப் பல் ஈறோரத்தில் ரோஸ் நிறமாக இருக்கிறது என்று கவனித்துச் சொன்னாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், பல் உள்ளேயிருந்து கரைகிறது, உடனே ரூட் கேனால் செய்ய வேண்டும் என்றார். இன்னொருவரிடம் காட்டினேன். இந்தப் பல் நிற்காது, எடுத்துவிட்டு, எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். வலிக்காத பல்லை எதற்குக் குடைய வேண்டும் என்று அம்மா கேட்கிறார். மேல் பல்லில் கை வைத்தால் கண் நரம்பு போய்விடும் என்கிறார் ஆச்சி. யார் பேச்சைக் கேட்பது? சிகிச்சை செய்தால் நிறம் சரியாகுமா? இனிமேல் ஹாக்கி ஆடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

ஆச்சியின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், அதுதான் சுலபம். மேல் பற்களின் உணர்ச்சியை எடுத்துப் போவது ட்ரைஜெமினல் என்ற நரம்பின் நடுக்கிளை. பார்வை நரம்பு விழிக்குப் பின்னாலிருந்து கிளம்பித் தனி வழியில் மூளைக்குப் போகிறது. இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மேல் பல்லுக்கு வேர் சிகிச்சை, அதாவது ரூட் கேனால், செய்தாலும், பல்லையே பிடுங்கினாலும் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. பல் எடுக்கிற வயதும் கண்புரை வருகிற வயதும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றாக இருப்பதால் பல்லின் மேல் விழுந்த பழி இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவின் கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பல சமயங்களில் அம்மா சொல்வதே சரி. அடிபட்ட சில பற்களில் உள்குழாய் மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு எக்ஸ்ரேயில் தெரியாமலே போய்விடும். பல் சற்று மஞ்சளாகும், அவ்வளவுதான். அந்த மாதிரிப் பல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று குடைவது தேவையில்லாத வேலை. அவ்வப்போது பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அடிபட்ட மூன்று மாதத்துக்குள் ஐஸ் வைத்துப் பார்த்து, பல்லுக்குக் கூச்சம் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வேர் சிகிச்சை செய்வதும் அவசரம்தான். அடிபட்ட நரம்புக்கு அந்தக் காலத்துக்குள் உணர்ச்சி திரும்பி வரலாம்.

உங்கள் பல்லின் கதை வேறு. உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது உள்வேர்க் கரைவு. இந்த நோய்க்கு வலி என்ற அறிகுறியே பெரும்பாலும் கிடையாது. வேறு எதற்காகவோ எடுத்த எக்ஸ்ரேயில், க்ளீனிங்குக்கு வந்த இடத்தில், இல்லையென்றால் உங்கள் தங்கையைப் போல யாராவது கவனித்துச் சொல்லித்தான் வெளியே வரும். வலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், வலி வரும் நாளில் காப்பாற்றப் பல்லில் ஒன்றும் மிஞ்சியிருக்காமல் போகலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எலும்பு வாழ்நாள் முழுக்கக் கரைந்து கரைந்து மறுபடி கட்டப்படும். பல் அப்படி இல்லை. பால்பல் விழுவதற்கு முன் அதன் வேர் கரைவது இயற்கை. முளைத்து நிலைத்த பல்லின் வேர் கரைந்தால் அது கோளாறு. பல்லின் நடுவே பற்கூழ் என்ற மென்மையான சதை இருக்கிறது. நரம்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். உண்மையில் ரத்தக்குழாய், நரம்பு, செல்கள் எல்லாம் சேர்ந்த கூட்டம். அதைச் சுற்றி டென்டின் என்ற கெட்டியான சுவர். பற்கூழுக்கும் அந்தச் சுவருக்கும் இடையில், இன்னும் சுண்ணாம்பு ஏறாத மெல்லிய படலம் ஒன்றும், டென்டினை உருவாக்கும் செல்களின் வரிசை ஒன்றும் உண்டு. பல்லைக் கரைக்கும் செல்களால் சுண்ணாம்பு ஏறாத பரப்பில் ஒட்டிக்கொள்ள முடியாது. அந்தப் படலம் முழுசாக இருக்கிறவரை பல் உள்ளுக்குள் பத்திரம்.

மட்டை பட்ட அன்று அந்தப் படலம் ஓரிடத்தில் சேதமாகியிருக்க வேண்டும். அது மட்டும் போதாது. அடிபட்டதில் பற்கூழின் மேல்பகுதி நலிந்து, கிருமி புகுந்து, நாள்பட்ட அழற்சியாக மாறினால், படலம் போன இடத்தில் பல உட்கருக்கள் கொண்ட கரைக்கும் செல்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கரைக்கும் வேலைக்கு இரண்டு தேவைகள் உண்டு. மேலே தூண்டிவிடக் கிருமி வேண்டும். கீழே சோறு போட உயிருள்ள பற்கூழ் வேண்டும். வேர் நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாக ரத்தம் வந்துகொண்டிருக்கும்வரை அந்தச் செல்களுக்குப் பட்டினி கிடையாது. உங்கள் பல்லின் அடிப்பாகம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் சீழும் இல்லை, வலியும் இல்லை. கரைவது நிற்காமல் இருப்பதற்கும் காரணம் அதே உயிர்தான்.

ஒருநாள் பற்கூழ் முழுசாகச் செத்துப்போனால் இந்தக் கரைவு தானாக நின்றுவிடும். ஆனால் அந்த நாளுக்குக் காத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. செத்த பற்கூழ் அழுகி வேர் நுனியில் சீழ் பிடிக்கும். அதற்குள் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கும், எங்கே ஓட்டை விழுந்திருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில பற்களில் வருடக்கணக்கில் மந்தமாகக் கிடக்கும். சிலவற்றில் சில மாதங்களிலேயே வேரின் பக்கவாட்டைத் துளைத்துவிடும். கரைந்த டென்டின் திரும்ப வளராது. கால்சியம் மாத்திரை, வாய் கொப்பளிக்கும் மருந்து, ஆன்டிபயாட்டிக் எதுவும் இதை நிறுத்தாது. பற்கூழை எடுத்து ரத்த ஓட்டத்தைத் துண்டிக்க வேண்டும். அதற்குத்தான் ரூட் கேனால்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அடிதான் காரணமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் அந்தச் சந்தேகம் தெரிகிறது. அடிபட்டதற்கும் கரைவு கண்ணில் படுவதற்கும் நடுவில் வருடங்கள் ஓடிவிடுவது சாதாரணம். ஆழமான சொத்தை, பெரிய ஃபில்லிங், கேப் போடப் பல்லைச் செதுக்கும்போது ஏறும் சூடு ஆகியவையும் இதைக் கிளப்பிவிடலாம். உங்கள் கதையில் அவை இல்லை. மேல் முன்பல், அதுவும் ஆடிய பல் என்பதால் அடிதான் முதல் சந்தேகம். பல் ஆடி, இடம் மாறாமல் இருந்தால் இரண்டு வாரத்திலும், 12 வாரத்திலும், ஆறு மாதத்திலும், ஒரு வருடத்திலும் டாக்டர் பார்க்க வேண்டும் என்று பல் காயங்களுக்கான சர்வதேச அமைப்பின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. இறுகிவிட்ட பல்லை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள் என்றால் இதற்காகத்தான். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் அணியில் இப்போது ஆடும் சின்னப் பையன்களுக்குச் சொல்லிவையுங்கள்.

சரி, இனி சிகிச்சைக்குப் போகலாமா என்றால், அதற்கு முன் ஒரு கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். ரோஸ் நிறம் தெரிந்தால் உள்கரைவு என்று அப்படியே முடிவு கட்டிவிட முடியாது. பல்லுக்குள் ரத்தக்குழாய் நிறைந்த சதை வளர்ந்து, மேலே இருக்கும் எனாமல் மெலிந்துபோகும்போது அந்தச் சிவப்பு வெளியே தெரிகிறது. ஹோவர்ட் மம்மரி என்ற ஆங்கிலேயர் 1920இல் பற்களில் வரும் இந்த ரோஸ் புள்ளிகளைப் பற்றி எழுதினார்; இன்றைக்கும் பல் மருத்துவ மாணவர்கள் இதை அவர் பெயரால்தான் படிக்கிறார்கள். ஆனால் அதே ரோஸ், வெளியிலிருந்து கரையும் பல்லிலும் வரும். ஈறுக்கு அடியில், பல்லின் கழுத்துப் பக்கம் சின்ன வாசல் போட்டுக்கொண்டு உள்ளே நுழையும் அந்த நோய்க்கு வெளிக்கழுத்துக் கரைவு என்று பெயர். அதுவும் அடிபட்ட பற்களில் வரும், கிளிப் போட்ட பற்களிலும் வரும். ஈறோரம் ரோஸ் என்று நீங்கள் எழுதியிருப்பதால், முதலில் இதைத்தான் விலக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உள்கரைவுக்குச் சோறு போடுவது பற்கூழ். அதை எடுத்தால் நிற்கும். வெளிக்கரைவுக்குச் சோறு போடுவது வேரைச் சுற்றியிருக்கும் சவ்வும் ஈறும். அங்கே ரூட் கேனால் மட்டும் செய்தால் கரைவு தன் போக்கில் நடந்துகொண்டே இருக்கும். ஈறைத் திறந்து, வெளிப்பக்க வாசலைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். பற்கூழைத் தொட வேண்டுமா என்பது அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எக்ஸ்ரேயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வேரின் நடுவில் உள்குழாய் இரண்டு மெல்லிய கோடுகளாக ஓடும். உள்கரைவாக இருந்தால் அந்தக் கோடுகள், கரைந்துபோய்க் கறுப்பாகத் தெரியும் இடத்துக்கு வந்ததும் இரண்டு பக்கமும் விலகி, உப்பலின் ஓரமாகவே மாறிவிடும். ஓரம் மழுமழுவென்று, ஏறக்குறைய இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். வெளிக்கரைவில் கறுப்பின் ஓரம் பிசிறடித்திருக்கும், அதன் ஊடாகவே குழாயின் கோடுகள் கலையாமல் ஓடுவதும் தெரியும். இன்னொரு வித்தை உண்டு. எக்ஸ்ரே குழாயைப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படம் எடுத்தால், உள்ளே இருக்கும் உப்பல் பல்லின் உள்குழாயை விட்டு நகராது. பல்லின் முன்புறமோ பின்புறமோ இருக்கும் பள்ளம் இடம் மாறித் தெரியும். சில நிமிஷ வேலைதான். உங்களிடம் இருப்பது ஒரே படம் என்றால், இரண்டு டாக்டர்களும் பாதித் தகவலை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள்.

அப்புறம், உங்கள் விஷயத்தில் சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. எல்லா ரூட் கேனாலுக்கும் அதை எடுக்கச் சொல்பவன் இல்லை நான். பெரும்பாலான பற்களுக்கு அது வீண் செலவு. இந்த நோய்க்கு அப்படி இல்லை. சாதா எக்ஸ்ரே பல்லைத் தட்டையாக்கிக் காட்டும். முன்பக்கச் சுவரும் பின்பக்கச் சுவரும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துவிடும். சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் எந்தப் பக்கம், எலும்புக்குக் கீழா மேலா, மிச்சச் சுவர் எவ்வளவு கனம் என்பதெல்லாம் முப்பரிமாணத்தில்தான் தெரியும். முழு தாடைக்கும் எடுக்க வேண்டாம். அந்த ஒரு பகுதிக்கு மட்டும் சின்ன அளவில் எடுக்கச் சொல்லுங்கள். கதிர்வீச்சும் குறையும், படமும் தெளிவாக இருக்கும்.

உள்கரைவுதான் என்று உறுதியானால், ரூட் கேனாலை யார் செய்கிறார் என்பது முக்கியம். பெயர்ப்பலகையில் எம்.டி.எஸ்., கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி அண்ட் எண்டோடான்டிக்ஸ் என்று இருப்பவர் இதற்கென்றே படித்தவர். நுண்ணோக்கி வைத்து வேலை செய்பவராக இருந்தால் இன்னும் நல்லது. செலவு யோசனையாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளில் இதே துறையின் பட்டமேற்படிப்புப் பிரிவு இருக்கும். பேராசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்வார்கள், நேரம் மட்டும் கூட ஆகும்.

நாற்காலியில் என்ன நடக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பயம் குறையும். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவார்கள். மாட்டாவிட்டால் கேளுங்கள், எச்சிலும் கிருமியும் உள்ளே போகாமல் இருக்கவும், மருந்து தொண்டைக்குள் இறங்காமல் இருக்கவும் அது வேண்டும். பல்லின் பின்பக்கம், நாக்குப் படும் இடத்தில், சின்னத் துளை போடுவார்கள். துளை போட்டதும் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் ஊறிக்கொண்டு வரும். சாதாரண ரூட் கேனாலில் இவ்வளவு வராது. நீங்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். அந்த வளர்ந்த சதை முழுக்க ரத்தக்குழாய்தான். உப்பலுக்குக் கீழே இருக்கும் பற்கூழை எடுத்து முடித்ததும் ரத்தம் அடங்கிவிடும். எடுத்த பிறகும் விடாமல் ஊறினால் டாக்டருக்கு அது ஒரு செய்தி. சுவரில் எங்கோ ஓட்டை இருக்கிறது, ரத்தம் வெளியிலிருந்து வருகிறது என்று அவர் சந்தேகப்படுவார். குழாயின் நீளத்தை அளக்கும் மின் கருவியும் ஓட்டை இருந்தால் தவறான அளவு காட்டும். அதனால் எக்ஸ்ரேயோடு ஒத்துப் பார்ப்பார்.

இந்தச் சிகிச்சையில் கஷ்டமான இடம் அந்த உப்பல்தான். வாய் குறுகிய கூஜாவின் வயிற்றை நேரான குச்சியை விட்டுத் துடைக்கிற மாதிரி. குழாயைச் சுரண்டும் ஊசி போன்ற ஃபைல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நடுக்குழாய் வழியே நேரே இறங்கிவிடும், பக்கவாட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் சதையைத் தொடாது. சுவரைச் சுரண்டி எட்டிப் பிடிக்கலாம் என்று பார்த்தால், ஏற்கெனவே மெலிந்த சுவர் இன்னும் மெலியும். ஆகவே இங்கே வேலையைச் செய்வது மருந்துதான். சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவத்தை ஊற்றி, அதிர்வு தரும் மெல்லிய ஊசியை உள்ளே விட்டுக் கலக்குவார்கள். பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறும். அந்தத் திரவம் சதையைக் கரைக்கும்; மெல்ல நுரைத்துக்கொண்டு வரும், உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவார்கள், மறுபடி கலக்குவார்கள். பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும் இந்தப் பொறுமையான வேலையில்தான் உங்கள் பல்லின் ஆயுள் இருக்கிறது. அவசரப்படுத்தாதீர்கள். சுவரில் ஓட்டை இருந்தால் மட்டும் இந்தத் திரவத்தை மிகுந்த எச்சரிக்கையோடு, அழுத்தமில்லாமல் விட வேண்டும். வெளியே கசிந்து சதையில் பட்டால் கடுமையான எரிச்சலும் வீக்கமும் வரும்.

அன்றைக்கே முடித்துவிட மாட்டார்கள். ஒரே நாளில் ரூட் கேனால் என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பல பற்களுக்கு அது சரிதான், இதற்கு வேண்டாம். உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை நிரப்பித் தற்காலிக அடைப்புப் போட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து வரச்சொல்வார்கள். காரத்தன்மை மிகுந்த பசை அது. எட்டாத மூலையில் மிச்சமிருக்கும் சதையைக் கருக்கும், கிருமியைக் கொல்லும், ரத்தக் கசிவையும் நிறுத்தும். அடுத்த முறை வரும்போது மிச்சச் சதை சுலபமாகக் கழன்று வரும். ஆனால் பசை போட்டாயிற்று, வலியும் இல்லை என்று மாதக்கணக்கில் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீண்ட நாள் அந்தப் பசை இருந்தால் டென்டினே உடையும் தன்மைக்கு வந்துவிடும். டோர்னமென்ட் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற பழக்கம் ஆட்டக்காரர்களுக்கு உண்டு.

அடைப்பதற்குக் குட்டா பெர்ச்சா. மலேயா பக்கத்து மரம் ஒன்றின் பாலிலிருந்து கிடைப்பது. ஒரு காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போட்டிருந்த அதே பொருள்தான் பல் மருத்துவத்துக்கும் வந்தது. வழக்கமான முறையில் அதைக் குச்சி குச்சியாகச் செருகி அடைத்தால், குழாய் நிறையும், உப்பலில் சந்து விழுந்துவிடும். உங்கள் பல்லுக்குச் சூடாக்கி இளக்கி அடைக்கும் முறை வேண்டும். முதலில் உப்பலுக்குக் கீழே இருக்கும் நுனிப் பகுதியை அடைத்துக்கொண்டு, பிறகு இளகிய குட்டா பெர்ச்சாவைத் துப்பாக்கி போன்ற கருவியால் உள்ளே செலுத்தி, மேலிருந்து அழுத்துவார்கள். அது பக்கவாட்டில் பரவி மூலைகளைப் பிடித்துக்கொள்ளும். டாக்டரிடம் இதை மட்டும் கேளுங்கள்: சூடாக்கி அடைப்பீர்களா?

ஓட்டை விழுந்திருந்தால் குட்டா பெர்ச்சா போதாது. அங்கே எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் போன்ற சிமென்ட் போடுவார்கள். எம்.டி.ஏ.வை 1993இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். அடிப்படையில் வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்ட்டின் சுத்தம் செய்யப்பட்ட உறவுதான். ஈரத்திலேயே இறுகும், சுற்றியிருக்கும் எலும்பும் சவ்வும் அதை ஏற்றுக்கொள்ளும். முன்பல்லில் ஒரு வம்பு: எம்.டி.ஏ. பல்லைச் சாம்பல் நிறமாக்கக்கூடும். ஈறுக்குப் பக்கத்தில் போட வேண்டியிருந்தால் நிறம் மாற்றாத வகையைப் போடச் சொல்லுங்கள்.

இனி நிறம். அந்த ரோஸ், சதையின் நிறம். சதை போனதும் ரோஸும் போய்விடும், பெரும்பாலும் முதல் நாளே. பிறகு வரக்கூடியது சாம்பல் படிவது. உள்ளே ரத்தமோ குட்டா பெர்ச்சாவோ ஈறு மட்டத்துக்கு மேலே தங்கிவிட்டால் அப்படி ஆகும். அதனால் அடைப்பை ஈறு மட்டத்துக்குக் கீழேயே நிறுத்திவிட்டு, மேலே பல் நிறக் காம்போசிட் போடுவார்கள். அப்படியும் கறுத்தால் உள்ளே மருந்து வைத்து வெளுக்கலாம். ஆனால் கழுத்துப் பகுதி மெலிந்த பல்லில், சூடு வைத்து, காட்டமான பெராக்சைடு விட்டு வெளுக்கும் பழைய முறைக்குச் சம்மதிக்காதீர்கள். அது வெளிக்கழுத்துக் கரைவையே கொண்டுவந்துவிடலாம். உடனே கேப் என்றாலும் யோசியுங்கள். முன்பல்லில் எனாமல் நன்றாக இருந்தால், கேப்புக்காகச் சுற்றிலும் செதுக்குவது மிச்சமிருக்கும் பலத்தையும் எடுத்துவிடும்.

இம்பிளான்ட் சொன்ன டாக்டரைத் தப்பாக நினைக்க வேண்டாம். கழுத்தில் சுவர் காகிதக் கனத்துக்கு வந்திருந்தால், ஓட்டை ஈறுப் பையோடு சேர்ந்துவிட்டிருந்தால், பல்லில் விரிசல் ஓடியிருந்தால், அவர் சொல்வதுதான் சரி. ஆனால் அதை ஸ்கேன் பார்க்காமல் சொல்லக் கூடாது. அப்படி எதுவும் இல்லையென்றால் 22 வயதில் முன்பல்லை எடுப்பதை நான் கடைசிக்குத் தள்ளுவேன். பல்லை எடுத்ததும் உதட்டுப் பக்கத்து எலும்பு, ஏற்கெனவே மெல்லியது, சில மாதங்களிலேயே வற்றத் தொடங்கும். இம்பிளான்ட் எலும்போடு இறுகி ஓரிடத்தில் நின்றுவிடும். பக்கத்துப் பற்களோ இருபது வயதுக்குப் பிறகும் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். சில வருடங்களில் இம்பிளான்ட் பல் மட்டும் மேலே ஏறிக் குட்டையாகத் தெரியலாம். சொந்தப் பல் இன்னும் பத்து வருடம் நின்றாலும் அந்த எலும்பும் ஈறும் அதுவரை அப்படியே இருக்கும். இம்பிளான்ட் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், எடுத்த பல் திரும்பி வராது.

ஹாக்கி ஆடலாம். நிரந்தர அடைப்புப் போட்டு முடிந்த பிறகு, உங்கள் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு. ஆனால் பற்கவசம் இல்லாமல் மைதானத்தில் இறங்காதீர்கள், பயிற்சிக்குக்கூட. கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் வகை வெறும் வாய்க்குத் தேவலை. உங்கள் பல்லுக்கு, அச்செடுத்து உங்கள் வாய்க்கென்றே செய்வதை வாங்குங்கள். சிகிச்சை முடிந்து பல்லின் வடிவம் இறுதியான பிறகு அச்செடுக்க வேண்டும், முன்பே எடுத்தால் பொருந்தாது. கரும்பு, சீடை, சோடா மூடி இவற்றுக்கு அந்தப் பல்லிடம் இனி வேலை கிடையாது. உங்கள் அணியில் யாருக்காவது நிலைப்பல் முழுசாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து எடுத்து, லேசாக அலசி, அதே குழியில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே பல் டாக்டரிடம் கொண்டு ஓடுங்கள். இதை மேலாளர் அறைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: முதல் டாக்டரிடமே போய், கோணம் மாற்றி ஒரு எக்ஸ்ரேயும் அந்தப் பகுதிக்கு மட்டும் ஸ்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு, வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்த ஒருவரிடம் உள்கரைவா வெளிக்கரைவா, சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் உள்கரைவு, ஓட்டை இல்லை என்றால் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம். பலன் நன்றாக இருக்கும் நிலை அது. முடிந்த பிறகு ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறையும் எக்ஸ்ரே எடுத்து, பழைய படத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று, அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துப் பல்லையும் எதிர்ப்பக்க முன்பல்லையும் ஐஸ் வைத்துச் சோதித்துவிடச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டை ஒரு பல்லோடு நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.